துவைகல்லின் அடிப்பக்கம்

கையில் கடப்பாரையோடு கொத்தனாரைக் கொல்லைப்புறத்தில் நிற்க வைத்துவிட்டு, போன வாரம் கதையை அங்கேயே நிறுத்தி நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். நமக்குத்தான் ஒரு வாரம். அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பொழுது அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. கடப்பாரையின் நுனி துவைகல்லுக்கு அடியில் போயிருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் கல் புரண்டுவிடும். புரண்டதும் நாலு போடு போட்டால் தூளாகிவிடும்.

அழுத்துவதற்குள் பின்கதவு திறந்தது.

வாளி நிறையத் துணியோடு வந்த அவர் மனைவி கடப்பாரையைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். நேராக வந்து கல்லின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இப்ப நெம்புங்க பாக்கலாம்.”

“எந்திரி.”

“மாட்டேன்.”

“எந்திரின்னு சொல்றேன்ல.”

“முப்பத்தோரு வருஷமா இந்தக் கல்லுலதான் துவைக்கிறேன். உங்க சட்டையில ஒட்டின சிமெண்டை இதுலதான் அடிச்சு அடிச்சு எடுத்தேன். நல்லா இருக்கிற கல்லை எதுக்கு உடைக்கணும்? மூணு நாளா சாப்பாடு இறங்கலை, தூக்கம் இல்லை. கேட்டா மூட்டுவலின்னு சொல்றீங்க. மூட்டு வலிக்கிற மனுஷன் கடப்பாரையைத் தூக்குவாரா?”

கொத்தனார் கடப்பாரையை விடவில்லை. ஏன் விடவில்லை என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்குக் குறுக்கே ஆறு வண்டி சேர்ந்தாற்போல் ஓடுகிற மாதிரி ஒரு சாலை வருகிறது. அது நேர்கோடாக வந்தால் சந்தைக் கட்டடத்தின் வயிற்றில்தான் ஏறும். ஒரே கூரைக்கு அடியில் நாற்பத்திரண்டு கடை. ஆறு வாசல் இருந்தாலும் ஊர்க்காரர்கள் முன்வளைவு வழியாகத்தான் உள்ளே போவார்கள். அடைமழையில்கூட நனைந்துகொண்டே சுற்றி வந்து அதில்தான் நுழைவார்கள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாராவது வீட்டுக்கு வழி கேட்டால், வளைவிலிருந்து இத்தனை தப்படி என்றுதான் கை காட்டுவார்கள்.

கட்டடத்துக்கு நூறு வயசு தாண்டியிருந்தால் இடிக்கக் கூடாதாம். சாலைதான் வளைந்து போக வேண்டுமாம். ஆபீஸ் காகிதங்களை எல்லாம் கரையான் எப்போதோ தின்று முடித்தாயிற்று. மிச்சம் இருப்பது வளைவின் உச்சியில் ஒரு கல். அதன் மேல்வரி உடைந்துபோய், ‘திறக்கப்பட்டது’ என்ற சொல்லும் ஒரு வருஷமும் மட்டும் நிற்கின்றன. அந்தக் கணக்குப்படி சந்தைக்கு வயசு நூற்றுப் பதினெட்டு. கொத்தனாரின் மகள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். அந்த வருஷத்தை முதல் வரியில் வைத்து ஊரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறாள். இன்றைக்குப் பதினோரு மணிக்கு அதிகாரி வந்து கல்லைப் பார்க்கப் போகிறார். அவர் முன்னால் மகள் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடப் போகிறாள்.

கொத்தனாரைக் கடப்பாரை தூக்க வைத்தது அந்தக் கையெழுத்துதான்.

“சொல்றேன். நீ கத்தக் கூடாது” என்றார்.

“நான் என்னைக்குக் கத்தியிருக்கேன்?” என்று கத்தினாள் அவள்.

அவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு வாளியின் விளிம்பில் கையை ஊன்றிக் குந்தினார். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் புயலில் வளைவு விழுந்தது அவளுக்கும் தெரியும். பக்கத்திலிருந்த பழைய குதிரை லாயத்தை அந்த மாசம்தான் இடித்து, அதன் கல்லையும் மண்ணையும் சந்தை வாசலிலேயே கொட்டியிருந்தார்கள். வளைவும் அதன் மேலேயே விழுந்தது. எல்லாம் ஒரே குவியல். காண்ட்ராக்டர் தூர நின்றுகொண்டு, எழுத்து இருக்கிற கல்லைத் தேடி மேலே வைத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். குவியலில் இரண்டு பலகைக்கல் கிடந்தன. ஒன்றில் எழுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்றில் வருஷா வருஷம் பூசிய சுண்ணாம்பும் காரையும் அப்பியிருந்தது, மொட்டையாகத் தெரிந்தது. அப்போது அவருக்கு வயசு முப்பத்தைந்து. எழுத்து என்றால் கல்லில் ஒரு கீறல், அவ்வளவுதான். எழுத்து தெரிந்த கல்லை மேலே ஏற்றினார். மொட்டைக் கல்லைத் தள்ளுவண்டியில் போட்டு, பெண்டாட்டி துணி துவைக்கட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“அதுதான் இது” என்றாள் அவள்.

“அதுதான் இது.”

“சரி. அதுக்கு என்ன இப்போ?”

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடி சாக்கடையைச் சரி பண்ண இதைப் புரட்டினேனே, ஞாபகம் இருக்கா? தண்ணியில ஊறி ஊறிக் காரையெல்லாம் உதிர்ந்திருந்தது. அடியில எழுத்து. அப்போ எனக்குப் படிக்கத் தெரியுமே.”

ஐம்பது வயசுக்கு மேல் சாயங்கால வகுப்பில், சின்னப்பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி மோவாயில் இடிக்க உட்கார்ந்து படித்தவர் அவர். ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவிப் பார்த்து, அந்தக் கல்லைப் படித்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. முடித்ததும் மறுபடி கவிழ்த்துப் போட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

“சந்தையோட கல்லு இதுதான். மேல இருக்கிறது குதிரை லாயத்தோடது.”

அவள் குனிந்து தான் உட்கார்ந்திருந்த கல்லைப் பார்த்தாள். பிறகு, “அப்போ இந்த ஊரு இத்தனை நாளா குதிரைங்களோட வயசையா மார்தட்டிச் சொல்லிட்டிருக்கு?” என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. பாதியிலேயே நின்றும்விட்டது. “இதுல எத்தனை வயசு?”

“எழுபத்தொம்பது.”

அவள் விரல் விட்டு எண்ணினாள். “இருபத்தொண்ணு குறையுது.”

“ஆமா.”

“இங்க பாருங்க” என்று உள்ளங்கையால் கல்லை ஓங்கி அடித்தாள். “இது துவைக்கிற கல்லு. எனக்கு அவ்வளவுதான் தெரியும். படிக்காம இருந்தப்ப நீங்களும் நல்லாத்தான் இருந்தீங்க.”

“பாப்பா சத்தியம் பண்ணப் போறா.”

“பண்ணட்டும். அவளுக்குத் தெரியாதே. தெரியாம சொல்றது எப்படிப் பொய்யாகும்?”

“எனக்குத் தெரியுமே.”

“உங்களை யாரு கேட்டாங்க?”

அவள் எழுந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கல்லை உடைப்பதும் நடக்கவில்லை, சொல்வதும் நடக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டிலிருந்து வளைவுக்கு முந்நூற்றுப் பத்துத் தப்படி. அந்த வழியில் அவர் கை படாத சுவர் இல்லை. தபால் ஆபீஸ் மூலையில் பூச்சு உப்பிக்கொண்டிருந்தது. கரணையைக் கொண்டுவந்து ஒரு நாள் சுரண்டிவிட வேண்டும் என்று ஆறு மாசமாக நினைக்கிறார். தையல்காரர் வாசற்படி ஒரு பக்கம் கால் அங்குலம் தாழ்ந்திருக்கும். அதைக் கட்டிய அன்றைக்குத்தான் மகளுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது, கை நிதானத்தில் இல்லை. தையல்காரர் இருபது வருஷமாக அந்தப் படியில் தடுக்கிக்கொண்டே இருக்கிறார், ஒரு நாளும் குறை சொன்னதில்லை. “கொத்தனாரை மறக்காதேன்னு படியே தினமும் சொல்லிடுது” என்று கிண்டல் மட்டும் பண்ணுவார்.

சாலை வந்த ஊர் ஒன்றை அவர் பார்த்திருக்கிறார். வேலைக்குப் போன இடம். சாலையின் ஒரு பக்கத்து வீட்டுக்காரி எதிர்ப்பக்கத்து அக்காளிடம் பேச வேண்டும் என்றால் ஒன்றரை மைல் சுற்றிப் போக வேண்டும். இருவரும் வாசலில் நின்று கை மட்டும் ஆட்டிக்கொள்வார்கள். நடுவில் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றுகூட நிற்காது. ஊர் என்று ஒன்று அங்கே இருந்ததே அந்த வண்டிக்காரர்களுக்குத் தெரியாது.

அவர் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி ஏணியின் மேல் இருந்தார். சின்ன உடம்பு. தூசி ஒத்துக்கொள்ளாதுபோல, நாலு தரம் தும்மி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு ஆணியால் கல்லைச் சுற்றிச் சுரண்டினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் கடைக்காரர்களின் தலைவர். பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பதால் ஊருக்கு அவர் ‘சாவி’. ஊரில் யார் வீட்டுக் கதவும் அவர் கையில் திறக்கும். ஆனால் வாயைப் பூட்ட மட்டும் அவருக்குத் தெரியாது.

கொத்தனார் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

“இது எப்படி?” என்றார் அதிகாரி மேலிருந்து. “கட்டடம் முழுக்கச் சுண்ணாம்புக் காரை. இந்த வளைவுல மட்டும் சிமெண்டு. அந்தக் காலத்துல இங்க சிமெண்டு ஏது?”

சாவி பெரிதாகச் சிரித்தார்.

“அது ஒண்ணுமில்லை சார். புயல்ல விழுந்த கல்லை எடுத்து மறுபடி வெச்சது நம்ம மேஸ்திரிதான். தோ நிக்கிறார் பாருங்க, தூணுக்குப் பின்னால. என்ன மேஸ்திரி, கல்யாணப் பொண்ணு மாதிரி ஒளியறீங்க? வாங்க இப்படி!”

மகள் கையில் தன் புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் பெருமை. “எங்க அப்பாதான் சார் வெச்சாரு.”

அதிகாரி இறங்கி வந்தார். “நல்லதாப் போச்சு. நீங்களே ஒரு வாக்குமூலம் கொடுத்துடுங்க. இந்தக் கட்டடத்துலேருந்து விழுந்த கல்லையே எடுத்து இதே இடத்துல வெச்சேன்னு. நான் எழுதி வெக்கிறேன், மூணு மணிக்கு வந்து போட்டுக் கொடுங்க. கைநாட்டா, கையெழுத்தா?”

“கையெழுத்து!” என்று சாவியும் மகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

சாப்பாட்டுக்கு அப்பாவும் மகளும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தார்கள். அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். சந்தை தப்பித்துவிட்டால் புத்தகத்தை மறுபடி அச்சடிக்க வேண்டும், கடைசியில் அப்பா படத்தைப் போட வேண்டும், கரணையோடு. தபால் ஆபீஸ் மூலை வந்ததும் கொத்தனார் நின்றார்.

“பாப்பா, தாத்தாவை உனக்கு ஞாபகம் இருக்கா?”

“அளப்புத் தாத்தாவா?” என்று சிரித்தாள்.

ஊர் வைத்த பெயர் அது. கொத்தனாரின் அப்பா வளைவுக்குக் கீழே உட்கார்ந்து, பத்து வயசில் இந்தக் கட்டடத்துக்கு நான் சாந்து சுமந்தேன் என்பார். கேட்கிறவர்கள் தலைக்கு மேலே இருக்கும் வருஷத்தைக் காட்டி, அப்படியென்றால் உங்களுக்கு இப்போது நூறு வயசு ஆகுமே என்று கேலி பண்ணுவார்கள். அவரோடு சாந்து சுமந்ததாகச் சொன்ன வேறு நாலு கிழவர்கள், கல்லைப் பார்த்த பிறகு, நமக்குத்தான் மறந்திருக்கும், அது வேறு ஏதோ கட்டடம்போல என்று விட்டுவிட்டார்கள். இவர் மட்டும் விடவில்லை. ஒரு நாள் கொத்தனாரே எல்லார் முன்னாலும், “சும்மா இருங்கப்பா, மானம் போகுது” என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை அந்த மனுஷன் முன்வளைவு வழியாகப் போகவில்லை. ஊரிலேயே பக்கவாசல் வழியாகச் சந்தைக்குப் போன ஒரே ஆள் அவர்தான்.

“அவர் அளக்கலை பாப்பா” என்றார் கொத்தனார். “வீட்டுக்கு வா.”

கொல்லையில் அம்மா கல்லின் மேல் காலையில் துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“சொல்லிட்டீங்களா?”

“இல்லை. அவளே படிக்கட்டும்.”

“அம்மா, எந்திரிம்மா” என்றாள் மகள், ஒன்றும் விளங்காமல்.

அம்மா துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே பிழிந்தாள். கடைசியில் உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துவந்து புருஷன் காலடியில் எறிந்தாள்.

கல் புரண்டது. மகள் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, கையால் சேற்றை வழித்தாள். டீச்சர் அல்லவா, ஒரே பார்வையில் படித்துவிட்டாள். ஆனாலும் மறுபடி வாய்விட்டுப் படித்தாள்.

“சந்தைக் கட்டடம். இவ்வூர்க் கூலியாட்கள், ஆணும் பெண்ணும் சிறுவரும், வாரத்தில் ஒரு நாள் கூலி வாங்காமல் மூன்று வருஷம் உழைத்துக் கட்டி முடித்தது.” அதற்குக் கீழே வருஷம். அதை அவள் படிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எவ்வளவு நாளாத் தெரியும்?” என்றாள்.

“பதினோரு வருஷம்.”

“அப்போதானே நான் புத்தகம் எழுதிட்டிருந்தேன்.”

“ஒவ்வொரு பக்கமா எனக்குப் படிச்சுக் காட்டின. முதல் வரியிலேயே நிறுத்தியிருக்கணும். உன் முகத்தைப் பார்த்தேன். என்னால முடியலை.”

“முதல் வரிப்பா. மத்ததெல்லாம் அது மேலதானே கட்டியிருக்கேன். அஸ்திவாரம் கோணல்னு தெரிஞ்சும் ஒரு கொத்தனார் பார்த்துக்கிட்டே நிப்பாரா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அழுதபடி ‘சிறுவரும்’ என்ற சொல்லைத் தொட்டாள்.

“ராஜா கட்டினாரா, பணக்காரர் யாராவது கட்டினாரான்னு பத்துப் பக்கம் ஆராய்ச்சி பண்ணேன். கட்டினது நம்ம ஆளுங்கப்பா. சாந்து சுமந்த பையன் நம்ம வீட்லயே இருந்தாரு. நானும் சேர்ந்து சிரிச்சேன்.”

“ரெண்டு பேரும் அழுது முடிச்சாச்சுன்னா கல்லைக் கவுத்துப் போடுங்க” என்றாள் அம்மா. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. “கட்டினவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. இப்போ அதுல கடை வெச்சிருக்கிறவங்க உயிரோட இருக்காங்க. நாற்பத்திரண்டு அடுப்பு. அதை யோசிங்க.”

அவள் சொன்னதிலும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதைத்தான் கொத்தனாரால் தாங்க முடியவில்லை. எந்தப் பக்கம் தோள் கொடுத்தாலும் மறுபக்கம் சரிகிற சுவர்.

“நான் என்ன பண்ணட்டும் பாப்பா?”

“என்னைக் கேக்காதீங்க. உங்க கையெழுத்து, நீங்களே முடிவு பண்ணுங்க.”

“நீ மட்டும் எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதே. உன் பேர் இதுல வரவே கூடாது. வேலையில இருக்கிறவ.”

அவள் சேறு படிந்த கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

மூணு மணிக்கு வளைவுக்குக் கீழே ஒரு மேஜை போட்டிருந்தார்கள். நாற்பத்திரண்டு கடைக்காரர்களும் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். பேனாக்கடைக்காரர் தன் கடையிலிருந்து புதுப் பேனா ஒன்றைக் கொண்டுவந்து மையை இறக்கி வைத்திருந்தார். யாரோ கொத்தனாருக்கு டீ வாங்கி நீட்டினார்கள். அதைக் குடிக்க அவருக்குக் கை வரவில்லை. அது ஆடை கட்டிப்போனது.

அதிகாரி எழுதிவைத்ததை வாசித்தார். ‘இந்தக் கட்டடத்திலிருந்து விழுந்த கல்லையே எடுத்து, அதே இடத்தில் பதித்தேன் என்று உறுதி கூறுகிறேன்.’ காகிதத்தைத் திருப்பி, போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

கொத்தனார் பேனாவை எடுத்தார். சாந்துச் சட்டி தூக்கித் தூக்கி மடங்கிப்போன விரல்கள். அதில் பேனா எப்போதும் சரியாக உட்காராது. மகளைப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்தாள். பேனாவை மேஜை மேல் வைத்தார்.

“சார், இந்தக் கல்லு இந்தக் கட்டடத்தோடது இல்லை.”

ஒருத்தருக்கும் காதில் ஏறவில்லை. சாவிதான் முதலில் விழித்துக்கொண்டார். “வெயில் சார். மேஸ்திரிக்கு வெயில் தலைக்கேறிடுச்சு. கொஞ்சம் தண்ணி கொடுங்கப்பா.”

“வெயில் இல்லை. இது குதிரை லாயத்துக் கல்லு. நான்தான் மாத்தி வெச்சுட்டேன். அப்போ எனக்குப் படிக்கத் தெரியாது. சந்தையோட கல்லு எங்க வீட்ல இருக்கு. எழுபத்தொம்பது வருஷம்தான் ஆகுது.”

குதிரை லாயம் என்றதும் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார். எழுபத்தொன்பது என்றதும் அந்தச் சிரிப்பு அறுந்துபோயிற்று. சாவி மேஜையைச் சுற்றி வந்து கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஊருக்கே கேட்கிற அந்தத் தொண்டை இப்போது கிசுகிசுத்தது.

“மேஸ்திரி, எனக்கு அறுபத்து மூணு வயசு. எட்டுக்கு எட்டு அறை. அதை விட்டா என் நாற்காலியைப் போட எனக்கு வேற இடம் இல்லை. இந்த ஊரு சாவி எல்லாம் அந்த அறையில தொங்குது. போட்டுடுங்க. கால்ல விழறேன், போட்டுடுங்க.”

“எங்க அப்பா இங்க சாந்து சுமந்தாருப்பா. உங்க அப்பாவும் சுமந்திருப்பாரு. கூலி வாங்காம சுமந்திருக்காங்க, கல்லுல எழுதியிருக்கு. அவங்களைப் பொய்யங்கன்னு சொல்ற கல்லை ஒரு தடவை மேல ஏத்தி வெச்சுட்டேன். தெரியாம வெச்சேன். தெரிஞ்சே ரெண்டாவது தடவை வெக்க என்னால முடியலைப்பா.”

சாவி அவர் கையை விட்டார். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்பத்திரண்டு பேரும், அவர் பூசிக் கொடுத்த சுவர்களுக்குள் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவர்கள், அவரை முன்பின் பார்த்திராத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அதிகாரி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் சந்தோஷம் ஒன்றும் இல்லை. கோப்பைத் திறந்து வேறொரு காகிதத்தை எடுத்தார்.

“அப்போ இது என்ன?”

மகளுடைய வாக்குமூலம். சத்தியம் செய்து, முத்திரை குத்தி, போன வாரத் தேதி போட்டது. ஊரைக் காப்பாற்றுகிற அவசரத்தில் இன்றைக்குவரை காத்திருக்காமல் முன்கூட்டியே தபாலில் அனுப்பியிருக்கிறாள். கீழே அவள் கையெழுத்து, பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதுவதுபோல நிமிர்ந்து நின்றது.

கொத்தனார் மகளைத் திரும்பிப் பார்த்தார். மத்தியானம் கையைக் கழுவிக்கொண்டு நின்றபோதே அவளுக்குத் தெரியும், அப்பா உண்மையைச் சொன்னால் தான் மாட்டிக்கொள்வோம் என்று. தெரிந்தும், சொல்லாதீங்க என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை.

“டீச்சர், நல்லா யோசிச்சுப் பதில் சொல்லுங்க” என்றார் அதிகாரி. “தெரியாம கொடுத்திருந்தா அது தப்பு. அதோட போயிடும். ஆனா உண்மையான கல்லைத் தெரிஞ்சே வீட்ல ஒளிச்சு வெச்சுட்டு இந்தப் பேப்பர் வந்திருந்தா, அது குற்றம். நான் போலீசுக்கு எழுதியாகணும். வீட்ல இருக்கிற கல்லை இன்னைக்குத்தான் படிச்சோம்னா மேல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அந்தக் கல்லுல என்ன எழுதியிருக்குன்னு யாருக்குத் தெரியும்? எவ்வளவு நாளா?”

“சார், எனக்கு...” என்று ஆரம்பித்தார் கொத்தனார்.

“எங்க அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது சார்.”

மகள்தான். நிமிர்ந்து நின்று சொன்னாள்.

“கையெழுத்து மட்டும் போடக் கத்துக்கிட்டாரு. அவருக்கு அது துவைக்கிற கல்லு, அவ்வளவுதான். கல்லைப் படிச்சது நான். எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் அனுப்பினேன்.”

ஐம்பது வயசுக்கு மேல், சின்னப்பிள்ளைகளின் பெஞ்சில், எத்தனை சாயங்காலம். எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் துடைத்துவிட்டாள். அதிகாரி கொத்தனாரைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

“உண்மையா? இவருக்குப் படிக்கத் தெரியாதா?”

அந்த ஊரில் அவருக்குப் படிக்கத் தெரியும் என்பது தெரியாத ஆள் கிடையாது. தினமும் காலையில் பேனாக்கடை வாசலில் நின்று பேப்பரை எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்கிறவர். சாயங்கால வகுப்பில் அவருக்குப் பக்கத்தில், அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்தான் சாவி. கடை போயிற்று, நாற்காலி போயிற்று. இப்போது பழி தீர்க்க ஒரு வார்த்தை போதும்.

சாவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆமா சார். மேஸ்திரிக்கு ஒரு எழுத்து தெரியாது.”

“தெரியாது சார்” என்றார் தையல்காரர். “தெரியாதுங்க” என்றது பின்னாலிருந்து இன்னொரு குரல்.

கொத்தனார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இந்த ஊரையா நான் தெருவில் நிறுத்தினேன்? எந்த ஊருக்குப் பாதகமாக வாயைத் திறந்தாரோ அந்த ஊரே அவருக்காகப் பொய் சொல்லிக்கொண்டு வரிசையில் நின்றது. அந்தப் பொய்யில் அவர் தப்பித்துக்கொள்ளலாம். மகள் மட்டும் உள்ளே போவாள்.

அதிகாரி மகளின் காகிதத்தை எடுத்து மேஜையின் இந்தப் பக்கமாக, கொத்தனாருக்கு முன்னால் நகர்த்திவைத்தார்.

“எதுக்கும் ஒரு தடவை பாத்துடுங்க பெரியவரே” என்றார் மெதுவாக. “தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

“அப்பா” என்றாள் மகள். கெஞ்சுகிற குரல்.

கொத்தனார் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மடங்கிய விரலை முதல் வரியின் முதல் எழுத்துக்குக் கீழே வைத்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அவசரமில்லாமல் ஆரம்பித்தார்.

“கீ... ழே... கை... யெ... ழுத்... திட்... டுள்... ள...”

மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் நிறுத்தவில்லை. வரி முடிந்ததும் விரலைத் தூக்கி அடுத்த வரியில் வைத்தார்.